பாடநூலில் லித்தியம் அயனி மின்கலம்

2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தமிழகப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூல், மின்வேதியியல் அலகில் லித்தியம் அயனி மின்கலத்தைச் சேர்த்துக்கொண்டது பாராட்டுக்குரியது. நாவலூரில் பழைய மாமல்லபுரம் சாலையோரம் நிற்கும் மாணவர், தம் கைப்பேசியிலும் கடந்து செல்லும் மின்சார ஸ்கூட்டரிலும் நாள்தோறும் காணும் பொருள் அது. இரு மின்முனைகளின் அமைப்பினுள்ளும் லித்தியம் அயனிகள் புகுந்து வெளியேற முடியும் என்னும் அடிப்படையையும் பாடம் சரியாகவே கூறுகிறது. ஆனால், அதனுடன் தரப்பட்டுள்ள சமன்பாடு இக்கருத்துக்கு முரணாக அமைந்துள்ளது.

ஆனோடு நுண்துளைக் கிராபைட்டு என்று கூறும் பாடம், அங்கே திண்ம லித்தியம் எலக்ட்ரானை இழந்து அயனியாவதாக எழுதுகிறது. இதைப் படிப்பவர், கிராபைட்டின்மேல் லித்தியம் உலோகம் படிந்திருப்பதாகவே எண்ணுவார். உண்மையில், சரியாக இயங்கும் மின்கலத்தில் உலோக லித்தியம் இருக்கக் கூடாது. கார்பன் அடுக்குகளுக்கிடையே, ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவு வரை லித்தியம் தங்குகிறது.

எளிமைக்காகச் செய்த சுருக்கம்தானே என்று இதை விட்டுவிடுவதற்கில்லை. உலோக லித்தியத்தை விலக்கியதால்தான் இந்த மின்கலம் பயனுக்கு வந்தது. 1970களில் விட்டிங்ஹாம், டைட்டானியம் டைசல்பைடைக் கேத்தோடாகவும் லித்தியம் உலோகத்தை ஆனோடாகவும் வைத்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றியபோது உலோகம் ஊசிபோல் வளர்ந்து, இடைத்தடுப்பைத் துளைத்துக் குறுக்குச் சுற்றை உண்டாக்கியது. தீப்பற்றும் ஆபத்தும் நேர்ந்தது. 1980இல் குடினஃப் குழுவினர், லித்தியம் கோபால்ட் ஆக்சைடு சுமார் 4 வோல்ட்டு தரும் எனக் காட்டினர். 1985இல் யோஷினோ, பெட்ரோலியக் கோக்கை ஆனோடாக்கி உலோகத்தை நீக்கினார். 1991இல் சோனி நிறுவனம் இம்மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பாடநூலின் சமன்பாடோ யோஷினோ நீக்கியதை மீண்டும் உள்ளே வைக்கிறது!

மற்றொன்று, கேத்தோடுக்குக் கோபால்ட் ஆக்சைடு ஒன்றையே எடுத்துக்காட்டுவது போதாது. குடினஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு, விலையுயர்ந்த கோபால்ட் இல்லாதது. அதில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் வலுவாகப் பிணைந்திருப்பதால், வெப்பத்தையும் நன்கு தாங்குகிறது. எடைக்கு எடை சேமிக்கும் ஆற்றல் குறைவுதான். எனினும் இன்று பல மின் வாகனங்கள் அதைக் கொண்டே ஓடுகின்றன.

திண்ம மின்பகுளியின் துணையால் லித்தியம் உலோகத்தை மீண்டும் பயன்படுத்த ஆய்வாளர்கள் இப்போது முயல்கின்றனர். உலோகம் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகக் கற்ற மாணவருக்கு, இம்முயற்சி எதற்கென்றே விளங்காது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நாவலூரிலிருந்து வடக்கே தரமணியில் உள்ள தன் சென்னைப் பிரிவில், லித்தியம் அயனி மின்கலங்களைச் செய்துகாட்டும் வசதியை அமைத்துள்ளது. அத்துறைக்கு நாளை செல்லவேண்டியவர்கள் இம்மாணவர்களே.

அடுத்த பதிப்பில் திண்ம லித்தியத்தின் இடத்தில் லித்தியம் புகுந்த கிராபைட்டை எழுதி, இரும்பு பாஸ்பேட்டுக்கும் நான்கு வரிகள் ஒதுக்கினால் போதும். அதுவரை ஆசிரியர்கள் கரும்பலகையில் திருத்திக் கற்பிக்கலாம்.