ஒலித்தட்டில் நிறைவுற்ற இசைநாடகம்: ‘மெரிலி வீ ரோல் அலாங்’ பாடற்பதிவு – ஒரு மதிப்பீடு

முன்னுரை

நிகழ்த்துகலையின் ஆயுள் நிகழ்த்தும் பொழுதோடு முடிவது. நாடகப் பனுவல் அச்சில் நிற்கலாம். மேடையில் ஒலித்த குரல் நிற்பதில்லை. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நிகழும் இசைநாடகங்களைப் பொறுத்தவரை இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்வது, முதலில் நடித்த குழுவினரே ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிவுசெய்யும் இசைத்தட்டாகும். வெற்றிபெற்ற நாடகத்திற்கு அது நினைவுப்பொருள். விரைவில் நின்றுபோன நாடகத்திற்கோ அதுவே முதன்மைச் சான்று. ஸ்டீபன் சொண்ட்ஹைம் இசையும் பாடலும் இயற்றிய ‘மெரிலி வீ ரோல் அலாங்’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அரங்கேற்றத்திற்குப் பின் 16 முறை மட்டுமே நிகழ்ந்த இந்நாடகத்திற்கு அதன் பாடற்பதிவு அளித்த நிறைவு எத்தகையது, அதனை நாடகத்தின் நிறைவாகவே கொள்ளலாகுமா என்னும் வினாக்கள் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

நாடகமும் அதன் வீழ்ச்சியும்

ஜார்ஜ் எஸ். காஃப்மன், மாஸ் ஹார்ட் ஆகிய இருவரும் 1934இல் படைத்த இதே பெயருடைய உரைநடை நாடகமே இதற்கு மூலம். இசைநாடகத்திற்கான உரையாடலை ஜார்ஜ் ஃபர்த் எழுத, ஹரால்ட் பிரின்ஸ் இயக்கினார். ‘கம்பெனி’ (1970) முதல் ‘ஸ்வீனி டாட்’ (1979) வரை பிரின்ஸும் சொண்ட்ஹைமும் இணைந்து அளித்த படைப்புகள் எதிர்பார்ப்பை மிகுவித்திருந்தன. எனினும் 1981 நவம்பர் 16ஆம் நாள் ஆல்வின் அரங்கில் அரங்கேறிய நாடகம் அதே மாதம் 28ஆம் நாளோடு நின்றது.

கதை காலத்தில் பின்னோக்கிச் செல்கிறது. ஃபிராங்க்ளின் என்னும் இசையமைப்பாளன், சார்லி என்னும் பாடலாசிரியன், மேரி என்னும் எழுத்தாளர் ஆகிய மூவரின் நட்பு சிதைந்த நிலையில் தொடங்கும் நாடகம், 1957இல் மொட்டைமாடியில் நின்று ஸ்புட்னிக் செயற்கைக்கோளைத் தேடும் அவர்களின் இளமைக் கனவை நோக்கித் திரும்புகிறது. நடிகர்கள் 16 முதல் 25 வயதினர். நடுவயதின் கசப்பை இளையோர் நடித்துக் காட்டியதைக் காண்போர் ஏற்கவில்லை. யார் எவர் என்பதும் விளங்கவில்லை. ஒரு மாதத்திற்கும் மேலாக நடந்த முன்னோட்ட நிகழ்ச்சிகளின்போதே பலர் இடையில் எழுந்து சென்றனர். உடையலங்காரம் கைவிடப்பட்டுப் பாத்திரப் பெயரோ உறவோ பொறித்த மேற்சட்டைகள் அணிவிக்கப்பட்டன. அதுவும் பயன்தரவில்லை.

நாடகம் நின்ற மறுநாள் அக்குழுவினர் கூடி, தாமஸ் இசட். ஷெப்பர்டின் பொறுப்பில் ஆர்.சி.ஏ. நிறுவனத்திற்காகப் பாடல்களைப் பதிவுசெய்தனர்.

பின்னோக்கிய காலமும் இசையமைப்பும்

இசைநாடகத்தில் முன்னர் முழுமையாகப் பாடப்பெற்ற பாடல் பின்னர்ச் சுருங்கி மீண்டு வருவது மரபு. கேட்போர் நெஞ்சில் பழைய காட்சியை அது எழுப்பும். காலம் பின்னோக்கும் இந்நாடகத்தில் இம்முறை தலைகீழாகிறது. கதைப்படி பிந்தியதும் மேடையில் முந்தியதுமான காட்சியில் ஒரு மெட்டு துணுக்காகவோ பக்க இசையாகவோ வருகிறது. அதன் முழுவடிவம் பின்னரே கிடைக்கிறது. முதன்முறை கேட்பவருக்கு அத்துணுக்கு எதையும் நினைவூட்ட இயலாது. ஒருமுறை மட்டும் அரங்கில் கண்டவருக்கு இவ்வமைப்பின் பெரும்பகுதி எட்டாமற்போனது இயல்பே. மீண்டும் மீண்டும் கேட்கத்தக்க இசைத்தட்டில் இரண்டாம் கேட்பின்போதே அத்துணுக்கு நினைவாக மாறுகிறது. இவ்விசை வேண்டி நிற்கும் கேட்புமுறையை மேடையைவிடப் பதிவே எளிதில் வழங்குகிறது எனலாம்.

முதற்கேட்பிலேயே பொருள்தரும் இடங்களும் உள. ‘நாட் எ டே கோஸ் பை’ என்னும் பாடலை மணமுறிவின்போது ஃபிராங்க்ளின் பாடுகிறான். மறக்கவியலாமை அங்கே வேதனை. மணநாளில் அதுவே உறுதிமொழியாகிறது. அவனை உள்ளூர விரும்பும் மேரியின் குரலும் அப்போது உடன் சேர்கிறது. ஒரே மெட்டு வேதனையாகவும் உறுதிமொழியாகவும் வெளிப்படாக் காதலாகவும் நிற்பதைப் பதிவில் இரு குரல்களே உணர்த்திவிடுகின்றன. விருந்தொன்றில் பாராட்டப்பெறும் ‘குட் திங் கோயிங்’ பாடலின் மெட்டு, பின்வரும் ‘ஓப்பனிங் டோர்ஸ்’ காட்சியில் விரைந்த நடையில் ஒலிக்கிறது. முணுமுணுக்கத்தக்க மெட்டு இல்லை என்று தயாரிப்பாளர் அதனை மறுக்கிறார். அம்மெட்டு ஏற்கெனவே செவியில் பதிந்திருப்பதால் அவர் கூற்றின் நகை தானே புலப்படுகிறது.

நடிகர்களின் இளமை மேடையில் குறையாயிற்று. பதிவில் அதுவே வலிமை. முகம் காணாத நிலையில் வயது முரண் உறுத்துவதில்லை. ‘அவர் டைம்’ என்னும் இறுதிப் பகுதிப் பாடலில் நம்பிக்கையோடு எழும் குரல்கள் உண்மையிலேயே இளையோர் குரல்கள். அவர்தம் நாடகம் முந்தைய நாள்தான் நின்றது என்பதை அறிந்து கேட்போர்க்கு அந்நம்பிக்கை கதைக்கு அப்பாலும் பொருள்படுகிறது.

பதிவு மறைப்பன

எனினும் பதிவின் சிறப்பைக் கொண்டு 1981ஆம் ஆண்டுப் பார்வையாளர் தவறிழைத்தனர் என முடிவுகட்டுதல் பொருந்தாது. ஃபிராங்க்ளின் ஏன் அவ்வாறு மாறினான் என்பதை உரையாடலும் காட்சியுமே நிறுவ வேண்டும். பதிவில் அப்பகுதி பெரும்பாலும் இல்லை. ஆகவே அதன் குறையும் கேட்பதில்லை. 1985இல் ஜேம்ஸ் லபைன் இயக்கத்தில் லா ஹோயாவில் நாடகம் திருத்தம் பெற்றது. 2023இல் மரியா ஃபிரீட்மன் முதிர்ந்த நடிகர்களைக் கொண்டு பிராட்வேயில் இயக்கிய வடிவம், 2024இல் சிறந்த மறு அரங்கேற்றத்திற்கான டோனி விருதைப் பெற்றது. பாடல்களின் தகுதியையும் மேடையாக்கம் மாறவேண்டியிருந்ததையும் இது ஒருங்கே காட்டுகிறது.

இதன் மறுதலையும் உண்டு. ‘ஃபாலீஸ்’ (1971) ஐந்நூறு முறைக்கு மேல் நிகழ்ந்தது. அதன் முதற்பதிவோ ஒரே தட்டில் அடங்கப் பாடல்கள் குறைக்கப்பட்டு வெளிவந்தது. மேடை வெற்றி நல்ல பதிவுக்கு உறுதியன்று.

முடிவுரை

திருத்தங்களின்போது ‘தி ஹில்ஸ் ஆஃப் டுமாரோ’ என்னும் பள்ளி விடைபெறு விழாப்பாடல் நீக்கப்பட்டது. ‘ரிச் அண்ட் ஹேப்பி’க்கு மாற்றாக ‘தட் ஃபிராங்க்’ இடம்பெற்றது. எனவே, பதிப்பியல் நோக்கில் 1981ஆம் ஆண்டுப் பதிவு ஒரு முற்பட்ட பாடம். பிற்பாடம் சிறந்ததாயினும் முற்பாடம் காக்கப்பட வேண்டுவது. அதனை நாடகத்தின் நிழலாகவோ நாடகத்திற்கு ஈடாகவோ கொள்ளாது, செவிக்குரிய தனிப் பனுவலாகக் கொண்டு மதிப்பிடுவதே தகும். நின்றுபோன நாடகத்தின் குறை யாது, நிறை யாது என்று பிரித்தறிந்து திருத்தியோர்க்கும் இப்பனுவலே துணைநின்றது எனலாம்.