இஷாந்த் சர்மா: பழித்ததும் புகழ்ந்ததும்

2013 அக்டோபர் 19, மொஹாலி. இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தின் கடைசி மூன்று ஓவரில் ஆஸ்திரேலியாவுக்கு 44 ரன் வேண்டும். இஷாந்த் சர்மா வீசிய 48-ஆவது ஓவரில் ஜேம்ஸ் ஃபாக்னர் நான்கு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். 30 ரன் போயிற்று, ஆட்டமும் போயிற்று. அதன்பின் இஷாந்த் என்ற பெயரே பலருக்கு வசைச்சொல்லானது. ஒன்பது மாதம் கழித்து லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் இரண்டாம் இன்னிங்ஸில் அவர் 74 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து, 1986-க்குப் பிறகு இந்தியாவுக்கு அங்கே முதல் வெற்றியைத் தேடித் தந்தார். திட்டிய அதே ரசிகர்கள் கொண்டாடினார்கள். மனம் மாறுவதில் தப்பே இல்லை. ஆனால் இங்கே பழியும் அவசரத்தில் பிறந்தது, புகழும் அவசரத்தில் பிறந்தது என்பதுதான் என் வருத்தம்.

ரசிகரின் தீர்ப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பந்துவீச்சாளரை ஆண்டுக்கணக்கில், ஓவர் ஓவராகப் பார்ப்பவர் அவர். 2008 ஜனவரியில் பெர்த்தில் 19 வயது இஷாந்த் ரிக்கி பான்டிங்கைத் திணறடித்து, கடைசியில் ஸ்லிப்பில் டிராவிட் கையில் பிடிகொடுக்க வைத்த அந்த நீண்ட ஸ்பெல்லைப் பார்த்தவர்கள், அடுத்து வந்த வருடங்களில் ஏமாந்ததற்குக் காரணம் இருந்தது. 2011-12 ஆஸ்திரேலியத் தொடரில் நான்கு டெஸ்டில் ஐந்தே விக்கெட், சராசரி 90-க்கு மேல். 2017 முடியும்போதும் அவருடைய டெஸ்ட் சராசரி 36-ஐத் தாண்டித்தான் இருந்தது. ‘நன்றாக வீசுகிறார், விக்கெட் மட்டும் விழுவதில்லை’ என்ற குறை அவதூறு அல்ல, கண்ணால் கண்டது.

காரணம் சொல்லும்போதுதான் ரசிகர் தடுமாறினார். ஒரு சாரார் வேகம் போதாது என்றார்கள். ஆதரித்தவர்களோ அதிர்ஷ்டம் இல்லை என்றார்கள். பந்து மட்டையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் ‘அடடா’ என்று தலையில் கைவைத்தார்கள். என் கணிப்பில், திட்டியவர்களைவிட இந்தப் பரிவுதான் இஷாந்தின் ஆட்டத்தைப் பார்க்கவிடாமல் அதிகம் மறைத்தது. ஆறடிக்கு மேல் உயரமுள்ள அவர், நல்ல லெங்த்துக்குச் சற்று முன்பாகவே பந்தைக் குத்தினார். அங்கே குத்திய பந்து எழும்பி ஸ்டம்புக்கு மேலே போகும். எல்பிடபிள்யூ, போல்ட் இரண்டுக்கும் வாய்ப்பு குறைவு. பிட்ச் ஆனபின் மட்டையை எட்டப் பந்துக்குத் தூரம் அதிகம், ஆகவே விலகலும் அதிகம். மட்டையின் விளிம்பில் படாமல் முழுக்கத் தாண்டிவிடும். பார்க்க அழகு, ஸ்கோர்போர்டில் ஒன்றும் இருக்காது. மட்டையாளருக்கோ பின்காலில் நின்று பந்தை விட்டுவிட நேரம் கிடைக்கும். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. லெங்த்தில் இருந்த குறை அது. ஒரு முனையில் ரன்னைக் கட்டிப்போடும் வேலையை அணி அவருக்கு அடிக்கடி கொடுத்ததால் அந்தப் பழக்கம் இன்னும் ஊறிப்போனது.

லார்ட்ஸில் நடந்தது இதற்கு மருந்தல்ல. பவுன்சர் போடச் சொல்லி கேப்டன் தோனி வற்புறுத்தினார். மொயீன் அலி விழுந்தார். உணவு இடைவேளைக்குப் பின் பிரையர், ஸ்டோக்ஸ், ரூட் எல்லோரும் ஷார்ட் பாலை அடிக்கப் போய் மாட்டிக்கொண்டார்கள். அருமையான உத்தி, அன்றைக்கு மட்டும் பலித்த உத்தி. இஷாந்த் அடியோடு மாறிவிட்டார் என்பதற்கு அதைச் சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் மொஹாலிக்குப் பின் திட்டியவர்கள் செய்த தவறையே திருப்பிச் செய்தார்கள். ஒரு நாளின் ஆட்டம் ஒரு வாழ்க்கைக்குத் தீர்ப்பாகிவிட்டது. அதே 2014 பிப்ரவரியில் வெலிங்டனில் முதல் இன்னிங்ஸில் 51 ரன்னுக்கு 6 விக்கெட், நியூசிலாந்தின் மக்கல்லம் 302 அடித்த இரண்டாம் இன்னிங்ஸில் ஒன்றுகூட இல்லை. இந்த ஏற்ற இறக்கம் லார்ட்ஸுக்குப் பிறகும் தொடர்ந்தது.

உண்மையான மாற்றம் ஆரவாரமில்லாமல் வந்தது. 2018-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் கவுன்ட்டி அணிக்கு ஆடப்போனார். அங்கே பயிற்சியாளர் ஜேசன் கில்லெஸ்பி. இந்தியாவில் எல்லோரும் குறையைச் சொன்னார்கள், தீர்வைச் சொன்னவர் அவர்தான் என்று இஷாந்த் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். பந்தை மட்டையாளருக்கு இன்னும் அருகே குத்த வேண்டும். வெறுமனே விட்டுவிடாமல், மட்டையாளரின் முழங்கால் உயரத்துக்குத் தாக்கும்படி பிட்ச்சில் ஓங்கி அடிக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். அந்த ஆண்டு எட்ஜ்பாஸ்டனில் 51 ரன்னுக்கு 5 விக்கெட். இந்தியா 31 ரன்னில் தோற்றதால் அந்த ஆட்டத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். மனம் மாற வேண்டிய நாள் அதுதான் என்பேன். அந்த ஆண்டில் மட்டும் 11 டெஸ்டில் 41 விக்கெட். 2019 நவம்பரில் கொல்கத்தாவில் இந்தியா ஆடிய முதல் பகலிரவு டெஸ்டில் 22 ரன்னுக்கு 5.

2021-இல் அகமதாபாத்தில் அவர் நூறாவது டெஸ்ட் ஆடினார். இந்திய வேகப்பந்து வீச்சாளர்களில் கபில்தேவுக்குப் பின் அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் அவர் ஒருவரே. அப்போது எழுந்த புகழ்ச்சியில் ஒரு சறுக்கல் இருந்தது: ‘அவர் எப்போதுமே இப்படித்தான், நாம்தான் கவனிக்கவில்லை’ என்று பழைய ஆண்டுகளையும் சேர்த்து மெழுகிவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 105 டெஸ்ட், 311 விக்கெட், சராசரி 32.40 என்ற மொத்தக் கணக்குக்குள் இரண்டு பந்துவீச்சாளர்கள் இருக்கிறார்கள். முதல் பத்தாண்டு குறித்த குறைகள் பெரும்பாலும் சரியானவை. அவற்றைத் திரும்பப் பெறத் தேவையில்லை. திரும்பப் பெற வேண்டியது, இவர் இனித் தேறவே மாட்டார் என்ற முடிவை மட்டுமே. முப்பது வயதை நெருங்கும் ஒரு வேகப்பந்து வீச்சாளர், பத்தாண்டு கைக்குப் பழகிய லெங்த்தை மாற்றுவது மிகக் கடினம். ‘எப்போதும் நல்லவர்’ என்று சொன்னால் அந்த உழைப்பு கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.