போரியாவில் கூட்டுக்குரல்

பினாங்கு மாநிலத்திற்கே உரிய கலையெனப் போற்றப்படுவது போரியா. முதலில் சிறியதொரு நகைச்சுவை நாடகம் நிகழும். அது முடிந்ததும் பாட்டும் ஆட்டமும் தொடரும். பாட்டைக் கட்டித் தலைமையேற்றுப் பாடுபவரை மலாய் மொழியில் துக்காங் காராங் என்பர். அவர் ஒரு கண்ணியைப் பாட, பெரும்பாலும் மாலுமியுடை தரித்து வரிசையாக நிற்கும் குழுவினர் அடிபெயர்த்து ஆடியவாறே பல்லவியைத் திரும்பப் பாடுவர். கிளந்தான் மாநிலத்து டிக்கிர் பாராட்டிலும் தனிக்குரலும் கூட்டுக்குரலும் உண்டு. ஆனால் அங்குக் குழுவினர் அமர்ந்த நிலையிலேயே பாடுவர், நாடகம் முன்னே வருவதில்லை. நாடகத்தையும் கூட்டிசையையும் அடுத்தடுத்து வைத்து ஒன்றற்கொன்று துணையாக்கியது போரியாவின் தனித்தன்மை.

இக்கலையின் தோற்றுவாய் துயரத்தில் உள்ளது. கி.பி. 680இல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரர் இமாம் ஹுசைன் உயிர்நீத்ததை நினைந்து, முஹர்ரம் மாதத்தின் முதற் பத்து நாள்களில் இரங்கற்பாட்டுடன் ஊர்வலம் வருதல் தென்னிந்தியாவிலும் பரவியிருந்த வழக்கம். 1845இல் பினாங்கிற்கு வந்த சென்னைக் காலாட்படையின் 21ஆம் பிரிவினர் அவ்வழக்கத்தை உடன்கொணர்ந்தனர் என்று 1897இல் எழுதிய ஹாட்டன் என்பார் குறித்துள்ளார். பாயைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லே போரியா என்றாயிற்று என்பது பலரும் கூறும் விளக்கம். படைவீரரிடமிருந்து அது இந்திய முஸ்லிம்களும் மலாய்க்காரரும் மணவுறவால் கலந்து தோன்றிய ஜாவிப் பெக்கான் சமூகத்தாரைச் சேர்ந்து, கம்பத்து மலாய்க்காரரின் கலையாகவும் மலர்ந்தது. காலப்போக்கில் இரங்கல் மறைந்து எள்ளல் புகுந்தது. பாய்க்கு மாற்றாகப் பகட்டுடை வந்தது. இதனை முற்றிலும் அயலார் கலையெனக் கருதி ஒதுக்குவார்க்கு இவ்வரலாறு இடந்தராது.

கூடிப் பாடுவோரே பாத்திரமாகவும் நிற்றல் தமிழுக்குப் புதிதன்று. ஆய்ச்சியர் குரவையில் மாதரி எழுவர் மகளிர்க்கு ஏழிசையின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள். குரல் மாயவனாகிறாள், இளி பலராமனாகிறாள், துத்தம் நப்பின்னையாகிறாள். உறைந்திடாத பாலையும் பிற தீநிமித்தங்களையும் கண்டு நடுங்கிய ஆயர்பாடி தன் அச்சத்தைக் கூட்டாகப் பாடி ஆற்ற முனைகிறது. அவ்வட்டத்திற்குள் சொல்பவர், வழிமொழிபவர் என்னும் பாகுபாடு மிகுதியாக இல்லை. அனைவரும் ஒரே அச்சத்தின் உள்ளே நிற்பவர்கள்.

போரியாவிலோ அப்பாகுபாடே அடிப்படை. அதன் ஆற்றலும் அங்கேதான் பிறக்கிறது. துக்காங் காராங் ஒரே இயைபில் முடியும் அடிகளை அடுக்கிக்கொண்டே செல்வார். முதற்கண்ணி பல்லவியாகி, அவர் ஒவ்வொரு புதிய கண்ணியையும் முடிக்குந்தோறும் குழுவின் வாயிலிருந்து மீண்டும் எழும். மேற்போக்காக நோக்கின், இது பாடகர் மூச்சுவாங்க அமைந்த இடைவெளி போலத் தோன்றும். உண்மையில் அதுவோர் ஒப்புதல். கஞ்சனைப் பற்றியோ போலிப் பெரியமனிதனைப் பற்றியோ ஒருவர் தனித்துச் சொன்னால் அது அவருடைய வாய்த்துடுக்கு. இருபது பேர் கால்பெயர்த்து அதற்குப் பின்பாட்டுப் பாடினால் அது கம்பத்தின் தீர்ப்பு. வில்லுப்பாட்டில் குடமடிப்பவர் ஆமாம் போடுவதும் இத்தகையதே; எனினும் அங்கு ஒப்புக்கொள்பவர் ஓரிருவர், இங்கு ஓர் ஊர். முன்னே நிகழ்ந்த நாடகத்தில் அதே பொருள் வேடிக்கையாகக் காட்டப்பட்டிருப்பின், சிரித்த கூட்டமும் அத்தீர்ப்பில் கையொப்பமிட்டதாகிவிடும். ஆண்களே பெண்வேடமிட்டு நடித்த பழைய நாடகப் பகுதிகளைக் கொச்சையென்று தள்ளுவோர் இவ்வுத்தியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவ்வாற்றல் எப்போதும் நன்மைக்கே பயன்பட்டது என்பதற்கில்லை. 1867ஆம் ஆண்டுப் பினாங்குக் கலவரத்தில் சீனர் குழுக்களோடு கைகோத்துப் பொருத செங்கொடி, வெண்கொடிச் சங்கங்களின் பகை, பின்னர் வந்த போரியாக் குழுக்களையும் தொடர்ந்தது. ஒரு கம்பத்தின் பாட்டு மறுகம்பத்தை இழித்துரைக்க, பாட்டு அடிதடியில் முடிந்ததும் உண்டு. இரவில் செல்வர் இல்லங்களின் முன்னே ஆடிப் பரிசில் பெற்றபோது அவர்களைப் புகழ்ந்து பாடவும் குழுக்கள் தயங்கவில்லை. ஆகவே புகழ்ச்சி போரியாவிற்குப் பிற்காலத்தில் ஒட்டிய நோய் என்பது பொருந்தாது. ஆயினும் அன்று வாயிற்படிதோறும் புகழப்படுபவர் மாறினார். ஒரு வீட்டில் புகழ்ந்தவரை அடுத்த வீட்டில் எள்ளும் உரிமை குழுவிடமே இருந்தது. 1920களில் சீர்திருத்த நோக்குடைய முஸ்லிம் எழுத்தாளர்கள் போரியாவைச் சமயத்திற்குப் புறம்பானது, பொருளை விரயமாக்குவது எனச் சாடினர். விரயம் பற்றிய அவர்தம் கூற்றில் உண்மை உண்டு. இலக்கிய நோக்கில் அவர்கள் காணத்தவறியது அந்த உரிமையையே.

விடுதலைக்குப் பின் போரியா தெருவினின்று மேடைக்கு உயர்ந்தது. முஹர்ரத்தோடு இருந்த பிணைப்பு அறுந்தது. போட்டிகளும் விழாக்களும் அதனைத் தாங்கின. பெண்களும் குழுவில் இடம்பெற்றனர். ரஹ்மா புஜாங் இதனை மலாய் நாடக வடிவமாகவே கொண்டு ஆராய்ந்த நூல் 1987இல் வெளிவந்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கன. ஆனால் அரசின் திட்டங்களையும் கட்சிகளின் கருத்துகளையும் மக்களிடம் சேர்க்கும் கருவியாகவும் அது பயன்படலாயிற்று. வளர்ச்சியையும் தூய்மையையும் ஒற்றுமையையும் பாடுவதில் பிழையில்லை. பிழை, குழுவினர் மறுக்கவோ ஐயுறவோ இயலாத ஒன்றை அவர்தம் வாயில் வைப்பதில் உள்ளது. அங்குப் பல்லவி ஒப்புதலாக இராது, கீழ்ப்படிதலாகிவிடும். உடை பளபளக்கலாம், அடவு பிறழாதிருக்கலாம், இசைக்கருவிகள் பெருகியிருக்கலாம். எனினும் இருபது பேர் பாடியும் ஒருவர் குரலே கேட்கும்.

தமிழ்ப் பள்ளிகளில் கூட்டிசை நாடகம் பயிற்றும் ஆசிரியர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. மாணவர் முப்பதின்மரை வரிசையாக நிறுத்தி, ஆசிரியர் எழுதிய அறவுரையை ஒரே குரலில் ஒப்பிக்கச் செய்தலும் கூட்டிசை நாடகம் என்றே பெயர் பெறுகிறது. பல்லவியை மாணவரே கட்டட்டும் என்று விட்டுவிட்டால், அவர்கள் முதலில் எள்ளப்போவது ஆசிரியரையே. அதற்கு உடன்படும் ஆசிரியரின் வகுப்பில்தான் போரியாவின் பழைய கலை விளங்கும்.