ஆண்மகவும் பெண்கோலமும்: பெரியாழ்வாரின் பூச்சூட்டலை முன்வைத்து

முன்னுரை

ஆண்மகவிற்குச் சடை பின்னிப் பூ முடித்து, பாவாடை உடுத்தி, பொட்டிட்டு அழகு பார்க்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் நெடுநாளாக உண்டு. முதல் முடியிறக்குவதற்கு முன் இக்கோலத்தில் எடுக்கப்பெற்ற ஒளிப்படத்தைப் பல இல்லங்களில் இன்றும் காணலாம். இவ்வழக்கத்தைத் தமிழ் மரபின் பால் சமத்துவத்திற்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். தாயின் வெறும் விளையாட்டு எனக் கடந்து செல்வாரும் உளர். இவ்விரு கருத்துகளும் ஆய்வுக்குரியன. ஆண்மகவு அணியும் ‘பெண்கோலம்’ எக்காலத்தும் ஒரே பொருளைத் தந்ததில்லை என்பதையும், பெரியாழ்வார் காட்டும் கோலமும் பிற்கால நாட்டார் வழக்கில் உள்ள கோலமும் தம்முள் எதிரானவை என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாலி அணிந்த புதல்வர்

இன்று பெண்ணுக்கே உரியதெனக் கருதப்படும் அணிகள் சிலவற்றைச் சங்க இலக்கியம் ஆண்மகவிற்கு அணிவித்துக் காட்டுகிறது. இவற்றுள் முதன்மையானது தாலி. புறநானூற்றின் 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையை வியக்கிறார். கிண்கிணி களைந்த காலில் கழல் ஏறியுள்ளது. ஆனால் கழுத்துத் தாலி இன்னும் களையப்படவில்லை. பாலுணவு விடுத்துச் சோறுண்டதும் அன்றுதான் என்பது புலவர் தரும் செய்தி. இங்குத் தாலி பெண்மையின் அடையாளம் அன்று, பிள்ளைமையின் அடையாளம். கிண்கிணிக்கு எதிர்நிலையில் நிற்பதும் ஆண்மை அன்று. போர்க்குரிய பருவமே ஆகும்.

அகநானூற்றின் 54ஆம் பாடலில் நிலவை அழைக்கும் தாய், தன் மகனைப் பொன்தாலி உடையவனாகக் குறிக்கிறாள். பட்டினப்பாலை, காலில் பொன்னணி பூண்ட புதல்வர் முக்காற் சிறுதேர் உருட்டுவதைக் கூறுகிறது. இச்சான்றுகளைத் தொகுத்து நோக்கின், அணிகலனை ஆண், பெண் எனப் பகுக்கும் எல்லைக்கோடு குழந்தைப் பருவத்தில் அழுத்தமாக வரையப்படவில்லை என்பது புலனாகும். பிற்காலத்தில் தாலி என்னும் சொல் மணமான பெண்ணின் கழுத்தணிக்கே உரியதாக நிலைபெற்றது. சொல் நின்றது; பொருள் இடம் பெயர்ந்தது. எனவே, சங்கப் புதல்வன் ‘பெண்ணணி’ பூண்டான் என்பது பிற்கால வழக்கை முற்காலத்தின்மேல் ஏற்றிக் கூறும் கூற்றாகும்.

பிள்ளைத்தமிழின் பகுப்பு

இக்கருத்திற்குப் பிள்ளைத்தமிழின் அமைப்பு அரண் செய்கிறது. ஆண்பால், பெண்பால் என இருவகைப்படும் இவ்விலக்கியத்தில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழு பருவங்களும் இருபாற்கும் பொதுவானவை. இறுதி மூன்றிலேயே வேறுபாடு தோன்றுகிறது. ஆண்மகவு சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, சிறுதேர் உருட்டுகிறது. பெண்மகவு அம்மானை ஆடி, நீராடி, ஊசல் ஆடுகிறது. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் என இருவகையிலும் நூல் செய்தவர். அவ்விரு நூல்களிலும் முதல் ஏழு பருவங்களின் பெயரும் முறையும் ஒன்றே. பால் வேறுபாடு குழந்தையின் உடலிலோ உடையிலோ அன்றி, அது ஆடும் விளையாட்டிலேயே தொடங்குகிறது என்பது இப்பகுப்பின் உட்பொருளாகும்.

பெரியாழ்வாரின் பூச்சூட்டல்

ஆண்மகவைப் பூவால் அழகு செய்வதைத் தனிப்பொருளாகக் கொண்டு ஒரு பதிகம் முழுவதும் பாடியவர் பெரியாழ்வார். பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் காது குத்துதல், நீராட்டுதல், குழல் வாருதல், பூச்சூட்டுதல், காப்பிடுதல் என யசோதையின் செயல்கள் நிரல்பட அமைகின்றன. ஏழாம் திருமொழி பூச்சூட்டலுக்குரியது. செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை எனப் பூவின் பெயர் சொல்லிச் சொல்லித் தாய் மகனை அழைக்கிறாள்.

இப்பதிகத்தில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, பூவும் வீரமும் ஒரே பாசுரத்தில் அடுத்தடுத்து வைக்கப்படுதல். பறவையின் வாய் பிளந்தது, களிற்றின் கொம்பு ஒசித்தது முதலிய வீரச்செயல்களைச் சொல்லி விளித்த அதே மூச்சில், பூச்சூட வருமாறு தாய் அழைக்கிறாள். பூச்சூடுவதால் வீரம் குறையும் என்ற அச்சம் அவள் மொழியில் இல்லை. இரண்டாவது, பூ மகனை வீட்டில் நிறுத்தும் கருவியாதல். ஆநிரை மேய்க்கக் காட்டிற்குச் செல்லும் மகனின் மேனி வாடுமே என்று தாய் வருந்துகிறாள். ஆயர்குலத்து ஆண்மகனுக்குரிய தொழில் அவனைத் தாயிடமிருந்து பிரிக்கிறது. பூச்சூட்டல் அப்பிரிவைச் சிறிது தள்ளிப்போடுகிறது. ஆகவே இங்கு நிகழ்வது ஆணைப் பெண்ணாக்கல் அன்று. பிள்ளைமையைச் சற்று நீட்டித்தல்.

இதனையடுத்த எட்டாம் திருமொழி காப்பிடலாக அமைவது இவ்வாய்வில் முதன்மை பெறுகிறது. பூச்சூடிய மகனை அந்திப்பொழுதில் அழைத்துத் தாய் காப்பிடுகிறாள். அழகு செய்தல் முந்தியது. அவ்வழகால் நேரும் கண்ணேற்றைக் கழித்தல் பிந்தியது. பெரியாழ்வாரிடத்தில் கோலம் கண்ணேற்றை அழைப்பது. அதனைத் தடுப்பது அன்று.

இப்பாசுரங்கள் தமிழகத்தின் எல்லைக்குள் அடங்கிவிடவில்லை. மைசூருவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மண்டியா மாவட்டத்தில் உள்ள மேல்கோட்டை, வைணவ மரபில் திருநாராயணபுரம் எனப்படும். கன்னட நிலத்தின் நடுவே திவ்வியப் பிரபந்தம் ஒலிக்கும் திருத்தலம் அது. அங்குள்ள உற்சவருக்குச் செல்வப்பிள்ளை என்பது பெயர். இராமாநுசர் அழைத்தபோது அத்திருமேனி அணிகள் ஒலிக்க நடந்து வந்து அவர் மடியில் அமர்ந்தது என்றும், அதற்குமுன் தில்லி சுல்தானின் மகள் அதனைத் தன் விளையாட்டுப் பாவையாகப் பேணினாள் என்றும் குருபரம்பரை மரபு கூறும். வரலாற்று உண்மை எதுவாயினும், கடவுளை அணி ஒலிக்க வரும் ஆண்மகவாகக் காணும் பெரியாழ்வாரின் பார்வை மைசூருப் பகுதியில் கோயில் மரபாகவே வேரூன்றியதை இக்கதை உணர்த்துகிறது.

மறைப்பாகும் கோலம்

நாட்டார் வழக்கில் இந்நிலை தலைகீழாகிறது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபின் பிறக்கும் ஆண்மகவிற்கு மூக்குக் குத்துவதும், பெண்ணுடை உடுத்துவதும், இழிபெயர் இடுவதும் வழக்கமாக இருந்தன. மூக்கன், மூக்கையா, குப்புசாமி, பிச்சை முதலிய பெயர்களுக்கு இவ்வழக்கமே காரணமாகக் கூறப்படுகிறது. கன்னடத்தில் ‘திப்பெ’ என்பது குப்பைமேட்டைக் குறிக்கும். திப்பய்யா, திப்பண்ணா என்னும் பெயர்களும் இந்நம்பிக்கையோடு இணைத்துப் பேசப்படுகின்றன. மொழி வேறாயினும் நம்பிக்கை ஒன்றே: விலையற்றதைக் கூற்றுவன் கவர மாட்டான்.

இழிபெயர்கள் இருபாற்கும் இடப்பட்டன. குப்பம்மாள் என்னும் பெயர் இதற்குச் சான்று. ஆனால் கோலமாற்றம் அவ்வாறு அன்று. கண்ணேற்றுக்கு அஞ்சி ஆண்மகவைப் பெண்ணாக மறைத்ததே வழக்கு. பெண்மகவை ஆணாக மறைத்துக் காத்தல் வழக்காக வேரூன்றவில்லை. குப்பையும் பிச்சையும் எந்த வரிசையில் வைக்கப்பட்டனவோ, அதே வரிசையில் பெண்ணுடையும் வைக்கப்பட்டது. பெண் என்றால் எவரும் பொறாமை கொள்ளார் என்ற மதிப்பீடே அவ்வுடைக்குக் காப்பின் ஆற்றலைத் தந்தது. பெண்மகவு தொடர்ந்து பிறக்கும் வீடுகளில் ‘போதும்பொண்ணு’ எனப் பெயரிட்ட வழக்கத்தோடு இதனை இணைத்து நோக்கினால் மட்டுமே இதன் முழுப்பொருள் விளங்கும். ஒரு மகவிற்குப் பெண்கோலம் காப்பாயிற்று. மற்றொரு மகவிற்குப் பெண்ணாய்ப் பிறந்ததே குறையாயிற்று.

இம்மதிப்பீடு பழங்கதையாகவும் முடிந்துவிடவில்லை. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததும், கருவின் பாலறிவதைத் தடுக்க 1994இல் நடுவணரசு சட்டம் இயற்ற நேர்ந்ததும் அதன் தொடர்ச்சியையே காட்டுகின்றன. இவற்றைக் கருதாமல், ஆண்மகவின் பெண்கோலத்தைச் சமத்துவச் சின்னமாகப் போற்றுவது ஆய்வாகாது.

நிறமும் பாலும்

இக்காலத்தில் இவ்வினா உடையின் நிறத்திற்கு நகர்ந்துள்ளது. இளஞ்சிவப்பு பெண்மகவிற்கு, நீலம் ஆண்மகவிற்கு என்னும் பகுப்பைக் கடைகளும் பெற்றோரும் இயல்பானதெனக் கொள்கின்றனர். இப்பகுப்பு மேலைநாட்டிலும் தொன்மையானதன்று. 1918இல் அமெரிக்க வணிக இதழொன்று ஆண்மகவிற்கு இளஞ்சிவப்பையும் பெண்மகவிற்கு நீலத்தையும் பரிந்துரைத்தது. பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூசுவெல்ட், 1884இல் இரண்டரை அகவையில் நீண்ட பாவாடையுடன் எடுத்த ஒளிப்படம் இன்றும் உள்ளது. இந்நிறப்பகுப்பு இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம் என்பதை ஜோ பாலெட்டி 2012இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார்.

தமிழ் மரபில் நிறம் வேறு வகையில் இயங்கியது. தொல்காப்பியம் கூறும் மாயோன், சேயோன் என்னும் பெயர்கள் கருமையையும் செம்மையையும் முறையே முல்லைக்கும் குறிஞ்சிக்கும் உரிய தெய்வங்களோடு இணைக்கின்றன. மஞ்சள் பெண்ணின் மங்கலநிறமாகக் கருதப்படினும், திருமாலின் பீதகவாடையும் மஞ்சளே. நிறம் நிலத்தையும் தெய்வத்தையும் சார்ந்து பொருள்பட்டதேயன்றிப் பாலை மட்டும் சார்ந்து பொருள்படவில்லை. எனவே, ஆண்மகவிற்கு இளஞ்சிவப்பு உடுத்துவதை மரபு மீறல் என்று கடிவோர் பாதுகாக்க முனைவது தமிழ் மரபை அன்று. வணிகம் அண்மைக்காலத்தில் வகுத்த ஒரு பகுப்பையே ஆகும்.

முடிவுரை

சங்க இலக்கியத்தில் ஆண்மகவு அணிந்தவை பிள்ளைமைக்குரிய அணிகள். அவற்றைப் பெண்ணணி என்றல் பொருந்தாது. பெரியாழ்வாரிடத்தில் பூக்கோலம் தாயன்பின் வெளிப்பாடு. அக்கோலத்திற்கே காப்பு தேவைப்பட்டது. நாட்டார் வழக்கில் பெண்கோலமே காப்பாயிற்று. அக்காப்பு பெண்ணின் மதிப்பின்மையை மூலதனமாகக் கொண்டது.

ஒரே பூவும் ஒரே பாவாடையும் இருவேறு பொருள் தருதலின், கோலத்தை மட்டும் கண்டு மரபை மதிப்பிடல் இயலாது. அக்கோலம் எதற்காக இடப்பட்டது, அதே வீட்டில் பிறந்த பெண்மகவு எவ்வாறு போற்றப்பட்டது என்னும் இரு வினாக்களையும் எழுப்பிய பின்னரே மதிப்பீடு தொடங்க வேண்டும். யசோதையின் கைப்பூவையும் கூற்றுவனுக்கு அஞ்சிய தாயின் கைப்பூவையும் வேறுபடுத்தி அறியும் அளவுகோல் இவ்வினாக்களிலேயே உள்ளது.