சட்டைக்கு எது சொந்த ஊர்?

பினாங்கில் சுங்கை பினாங் அடுக்குமாடிகளிலிருந்து தீபாவளித் துணி எடுக்க லெபோ பாசார் பக்கம் போகிறவர்களிடம் கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்பே ஊரைச் சொல்லிவிடுவார். “இது இந்தியா சரக்கு அக்கா.” ஊர்ப்பெயர்தான் தரத்துக்குச் சாட்சி. அந்தப் பேச்சு உண்மைதானா என்று பார்க்க நமக்கு இருப்பது கழுத்தின் உட்புறம் தைத்த ஒரு லேபிள் மட்டுமே. அந்த லேபிளை யார், யாருக்காகத் தைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டால் இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு பதில் தருகின்றன.

இந்தியாவில் இது பழைய வழக்கு. மான்செஸ்டர் ஆலைத் துணிகள் லட்சுமி, கிருஷ்ணன் படம் அச்சிட்ட வண்ணச் சீட்டு ஒட்டிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கிய காலம் உண்டு. சீட்டில் நம் சாமி, துணியோ இங்கிலாந்தின் லங்காஷயர். பிரிட்டன் 1887-இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மானியச் சரக்கு ஆங்கிலச் சரக்கின் வேடத்தில் விற்கிறது என்பதுதான் அங்கே புகார். 1889-இல் அதே சாயலில் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் வந்தது. பிறகு சுதேசி இயக்கம் வந்து, துணி எந்த நாட்டுடையது என்பதை அரசியல் கேள்வியாகவே ஆக்கிவிட்டது. அந்தக் கேள்வியின் சூடு இன்னும் ஆறவில்லை. 2020 கோடையில் சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பின், அரசுக் கொள்முதல் தளமான ஜெம்மில் பொருளின் உற்பத்தி நாட்டைக் காட்டியே ஆகவேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் இணைய வணிகத் தளங்கள் எல்லாவற்றுக்கும் அதே விதி வந்தது.

இந்த 2020 விதிகளுக்கு முன்பே இருப்பவை 2011-ஆம் ஆண்டின் பொதியிட்ட பொருள்கள் விதிகள். எடையளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. இறக்குமதிப் பொதியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்கவேண்டும். 2018 ஜனவரி முதல் உற்பத்தி நாடும் சேர்ந்தது. ஹேங்கரில் தொங்கும் சட்டை ‘பொதி’ ஆகுமா என்பது ஜவுளிக்காரர்களின் நெடுநாள் தலைவலி. 2022-இல் திறந்த நிலையில் விற்கும் ஆயத்த ஆடைகளுக்குப் பல விவரங்களைத் தளர்த்தினார்கள். ஆனால் அளவு, விலை, புகார் சொல்லத் தொடர்பு, இறக்குமதியானால் எந்த நாடு என்ற நான்கையும் விட்டுக்கொடுக்கவில்லை.

கூர்ந்து பார்த்தால், இந்திய லேபிளின் அக்கறை நாட்டின் மேல் அவ்வளவாக இல்லை. தப்பு நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதே அதன் கவலை. சுங்கத்திலும் அதே மனம்தான். வரிச்சலுகை கேட்கும் இறக்குமதியாளர் வெளிநாட்டுச் சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது, பொருள் உண்மையில் எங்கே உருவானது என்ற விவரத்தைத் தானே கையில் வைத்திருக்கவேண்டும் என்று 2020 செப்டம்பரில் விதி வந்தது. நடைபாதைக் கடைவரை இந்த விதிகள் போய்ச் சேருகின்றனவா என்றால், சென்னைத் தியாகராய நகரில் ஒரு சாயங்காலம் நடந்தவர்களுக்கே பதில் தெரியும்.

இலங்கையின் கதை வேறு. 1977-இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின்தான் அங்கே ஆடைத் தொழில் கிளைவிட்டது, அதுவும் வெளிநாட்டுக்குத் தைப்பதற்காக. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை உடுப்பு வரலாம் என்று மேற்கு நாடுகள் கோட்டா வைத்திருந்த காலம் அது. தம் கோட்டா தீர்ந்துபோன கிழக்காசிய நிறுவனங்கள் இலங்கையின் கோட்டாவைத் தேடி வந்தன. அதாவது, ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்ற வரியே ஒரு சொத்து. 1992-இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது அந்தச் சொத்துதான் அதற்கு மூலதனம்.

ஆகவே இலங்கைத் தையல்கூடத்தில் லேபிளின் விதியை எழுதுவது கொழும்பு அல்ல. அமெரிக்கச் சட்டப்படி அது சட்டையின் பின்கழுத்தில், இரண்டு தோள் தையல்களுக்கும் நடுவே இருக்கவேண்டும். எந்த நாட்டில் உடுப்பு முழுதாகத் தைத்துச் சேர்க்கப்பட்டதோ அதுவே உற்பத்தி நாடு என்பது 1996 ஜூலையிலிருந்து அவர்கள் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியமோ லேபிளில் நாட்டைப் போடு என்று கட்டாயப்படுத்துவதே இல்லை. ஆனால் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை வேண்டுமானால், பொதுவாக, துணி நெய்வதும் உடுப்பு தைப்பதும் இரண்டுமே கணக்கில் வரவேண்டும். இலங்கை துணியில் பெரும்பங்கை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. சீனத் துணியில் கட்டுநாயக்காவில் தைத்த சட்டை நியூயார்க்கில் இலங்கைச் சட்டை. பிரஸ்ஸல்ஸின் சலுகைக் கணக்கில் அது இலங்கைச் சட்டை இல்லை. இதில் பொய் எதுவும் இல்லை, கேட்பவர் வேறு, அவ்வளவுதான். அந்தச் சலுகை 2005-இல் கிடைத்து, மனித உரிமைக் காரணங்களுக்காக 2010-இல் பறிபோய், 2017-இல் திரும்பக் கிடைத்தது.

இரண்டு நாடுகளும் முட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் இந்தியா இலங்கை ஆடைக்கான வரிச்சலுகைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி என்று வரம்பு வைத்தது. அதில் 60 லட்சம் இந்தியத் துணியிலேயே தைத்திருக்கவேண்டும் என்றது. பெரும்பாலும் தன் துணி போய்வரவே கதவைத் திறப்பது கெட்டிக்கார வியாபாரம். பெருந்தன்மை என்று சொல்லமுடியாது. இலங்கை நிறுவனமான பிராண்டிக்ஸ் விசாகப்பட்டினம் அருகே அச்சுதாபுரத்தில் பெரிய ஆடை நகரமே அமைத்திருக்கிறது. முதலாளி கொழும்புக்காரர், லேபிள் இந்தியா.

இவ்வளவு பாடுபட்டுத் தைத்த லேபிளை வெட்டி எறியும் சந்தையும் இரண்டு பக்கமும் இருப்பதுதான் வேடிக்கை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியதும் செகண்ட்ஸும் லாட் லாட்டாக விற்கும். வெளிநாட்டு பிராண்டின் பெயர் கெடக்கூடாது என்று கழுத்து லேபிளைக் கத்தரித்தோ மையால் அடித்தோ விடுவார்கள். கொழும்பில் அதே சரக்கு கண்ணாடிக் கடைக்குள்ளேயே ஏறிவிட்டது. இன்று பெரிய கடையாக நிற்கும் ஓடெல், ஏற்றுமதி மிச்சத்தைக் காரில் வைத்து விற்றுத் தொடங்கியதுதான். ஊர் பேர் இல்லாத அந்தச் சட்டைதான் உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பதில் நல்ல சட்டை.

இலங்கைக்குள் வந்து விற்கும் துணிக்கு 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. லேபிள், விலைக்குறிப்பு பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உண்டு. பொய் சொல்லி விற்பதும் குற்றம். ஆனால் யாழ்ப்பாணத்துச் சேலைக்கடையில் அந்நிய நாட்டுப் பெயரை யாரும் மறைப்பதில்லை. இந்தியச் சேலை என்பதுதான் அங்கே பெருமை. ஒரு நாட்டில் சந்தேகத்தோடு கேட்கும் கேள்விக்கு இன்னொரு நாட்டில் விளம்பரப் பலகையே பதில் சொல்லிவிடுகிறது.

பினாங்கு வாடிக்கையாளருக்கு யாழ்ப்பாணத்துக் கண். அவர் கையில் இருக்கும் சட்டம் மலேசியாவின் 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம். எங்கே தயாரித்தது என்று பொய் சொன்னால் அது குற்றம். சட்டை என்றால் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம். சேலைக்குக் கழுத்து ஏது? சூரத் பாலியெஸ்டரைக் காஞ்சிபுரம் என்று விற்றால் இரண்டுமே இந்தியாதான், நாட்டுப் பெயரில் பொய்யே இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அந்தப் பதிவு இந்திய எல்லையோடு நின்றுவிடும். சில்க் மார்க் சீட்டு இருந்தால் பட்டு அசல் என்று தெரியும், எந்தத் தறி என்று அது சொல்லாது. எனவே ‘இந்தியா சரக்கு’ என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விட்டுவிடாமல் இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டு, சொன்ன ஊரை ரசீதிலும் எழுதித் தரச் சொல்லவேண்டும். பிறகு புகார் கொடுக்க நேர்ந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ரசீதுதான்.