ஒரு சொல்லின் எடை

1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழி மசோதா, 1965க்குப் பின்னும் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்றே கூறிற்று. மாநிலங்களவை உறுப்பினரான அறிஞர் அண்ணா, ‘தொடர வேண்டும்’ எனத் திருத்தக் கோரினார். பிரதமர் நேருவோ இரண்டுக்கும் பொருள் ஒன்றே என வாதிட்டார்.

அண்ணாவின் உரைகளை நாவன்மைக்காக மட்டுமே போற்றுவோர் இந்த நுட்பத்தைத் தவறவிடுகின்றனர். அனுமதி, அளித்தவர் விருப்பில் நிற்பது. கடமையோ அளித்தவரையும் கட்டுவது. தலைவரின் வாக்குறுதி அவரோடு மறையலாம். எஞ்சுவது சட்டத்தின் வாசகமே.

1964இல் நேரு மறைந்தார். 1965 ஜனவரி 27 அன்று, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காட்டின் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் குண்டுக்கு இரையானார். 1967இன் திருத்தச் சட்டமே, குறிப்பிட்ட பணிகளுக்கேனும், கட்டாயச் சொல்லை ஏற்றது. அவைப்பேச்சின் தரத்தை வாக்கெண்ணிக்கை கொண்டு மட்டும் அளப்பது எத்துணைப் பிழை!