மௌனத் திரிபு என்னும் பெயர்

பரம்பரையலகின் திரிபுகளை வகுத்துரைக்கும் பாடநூல்கள் பலவற்றில் ‘மௌனத் திரிபு’ என்றொரு பெயர் வழங்குகின்றது. டி.என்.ஏ. தொடரில் ஓரெழுத்து மாறியும் அது குறிக்கும் அமினோவமிலம் மாறாதிருப்பின் அப்பெயர் இடுவர். மூன்றெழுத்துக் குறிகள் 64 இருக்க, அவை குறிக்கும் அமினோவமிலங்கள் 20 ஆதலின், இத்தகைய மாற்றங்கள் நிகழ்தல் இயல்பே. புரதம் மாறவில்லை, ஆகவே ஊறில்லை என்பது பெயரின் உட்கிடை. அவ்வுட்கிடை ஆராயத்தக்கது.

1960களில் அக்குறிகள் படித்தறியப்பட்டபொழுது, பரம்பரையலகின் எழுத்துக்கள் இடையறாது தொடர்ந்து புரதமாகும் என்றே கொள்ளப்பட்டது. அக்காலத்துக்கு இப்பெயர் பொருந்தும். 1977இல் அடினோவைரசை ஆராய்ந்த பிலிப் ஷார்ப், றிச்சட் றொபேட்ஸ் ஆகியோரின் குழுக்கள் அக்கொள்கையைத் தகர்த்தன. ஆர்.என்.ஏ. நீண்ட படியாக முதலில் எழுதப்படுகின்றது. இடையிலுள்ள இன்ட்ரோன்கள் நீக்கப்பட்டு எக்சோன்கள் ஒட்டப்பட்ட பின்னரே அது புரதத்துக்கு வழிகாட்டுகின்றது. ஆகவே, ஓரெழுத்து அமினோவமிலத்தைக் குறிப்பதோடு, எங்கே வெட்டி ஒட்டுவது என்பதையும் உணர்த்தக்கூடும். ‘பலகை’ என்பதைப் ‘பல கை’ எனப் பிரிப்பின் பொருள் வேறாதலைத் தமிழ் மாணவர் அறிவர். எழுத்தை அறிந்தவர் பிரிப்பையும் அறிதல் வேண்டும்.

இதற்குத் தக்க சான்று முள்ளந்தண்டுத் தசைநலிவு நோய். எஸ்.எம்.என்.1 என்னும் பரம்பரையலகின் இரு படிகளும் பழுதுற்ற குழந்தைக்கு முண்ணாணின் இயக்க நரம்புக்கலங்கள் அழிகின்றன. ஆயின், ஏறத்தாழ அதனையே ஒத்த எஸ்.எம்.என்.2 அக்குழந்தையிடம் உண்டு. அது கைகொடாதது ஏன்? அதன் ஏழாம் எக்சோனில் சைற்றோசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் உள்ளது. இரண்டும் குறிப்பது பீனைல்அலனினையே. பாடநூலின்படி இது மௌனம். ஆயினும் அவ்வோரெழுத்தால் ஏழாம் எக்சோன் பெரும்பாலான படிகளில் விடுபட்டுப்போக, நிலையற்ற புரதமே தோன்றுகின்றது. முழுப் புரதம் சிறு பங்காகவே கிடைக்கின்றது. எஸ்.எம்.என்.2இன் படிகள் மிகுந்த குழந்தைகளிடம் நோய் பெரும்பாலும் தணிந்து காணப்படுதலும் இதனாலேயே. 2016இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிபெற்ற நியூசினெர்சென் என்னும் மருந்து, ஏழாம் இன்ட்ரோனின் ஒரு பகுதியிற் பற்றி, விடுபட்ட எக்சோனை மீண்டும் சேரச் செய்கின்றது. பரம்பரையலகில் ஓரெழுத்தையும் அது மாற்றுவதில்லை.

மறுதலையான வழுவும் உண்டு. இலங்கையில் தலசீமியாவுக்குச் சிகிச்சை பெறுவோருட் கணிசமானோரிடம் காணப்படும் ஈமோகுளோபின் ‘இ’, குளுற்றாமிக்கமிலம் இலைசீனாக மாறியதன் விளைவென்று மட்டும் எழுதி விடுவர். அம்மாற்றமே அருகில் மறைந்திருந்த வெட்டுமிடமொன்றையும் விழிக்கச் செய்வதால், ஆர்.என்.ஏ.யின் ஒரு பங்கு பிழையாக வெட்டுண்டு, அப்புரதத்தின் அளவும் குறைகின்றது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இதுவும் மற்றவரிடமிருந்து பீற்றா தலசீமியாவும் வந்து சேர்ந்தால் நோய் கடுமையாதற்கு இக்குறைவு முக்கிய காரணமாகும். அமினோவமில அட்டவணையை மட்டும் நோக்குபவர் இதனைக் காணார்.

அமினோவமிலத்தை மாற்றாத திரிபுகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதை மறுத்தல் முறையன்று. ஆயினும், நோயுற்ற குழந்தையின் பெற்றோருக்கு விடைகூற வேண்டிய மருத்துவர் பெயரை நம்பி அமைதல் இயலாது. 2015இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவ மரபியலாளரின் நெறிமுறையும், வெட்டி ஒட்டுதலிற் பாதிப்பு எதிர்பார்க்கப்படாவிடின் மட்டுமே இத்தகைய திரிபைத் தீங்கின்மைக்குச் சான்றாகக் கொள்கின்றது. ஐயம் எழுமிடத்து ஆர்.என்.ஏ.யையே சோதித்தல் வேண்டும். அதிலும் குருதியிற் கண்டது நரம்பிலும் அவ்வாறே நிகழும் என்பதற்கு உறுதியில்லை. ‘ஒருபொருட் டிரிபு’ என்னும் பெயர் அமினோவமிலம் மாறாமையை மட்டும் கூறி அமைகின்றது; பாடநூல்களுக்கு அதுவே தக்கது.